அசைஞ்சா அவுட்டு

தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டு வீடு வரை உருட்டிக்கொண்டு போவது இன்றோடு நான்காவது நாள். பெட்ரோல் இருக்கிறது, பிளக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. என் டிவிஎஸ் பிப்டியின் சத்தம் வீட்டுக்குக் கேட்கக்கூடாது, அவ்வளவுதான். நாற்பத்தாறு வயதில், மூத்த மகளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருக்கிற மனுஷன், சொந்த வீட்டுக்குத் திருடன் மாதிரி போகிறேன்.

போன வாரம் செயின் கழன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் இது ஆரம்பித்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறேன், உள்ளே ஒரே சிரிப்பு. என் மனைவி சத்தியபாமா, மூத்தவள் ஜெயப்பிரியா, இளையவள் சுகுணா, மூன்று பேரும் சேர்ந்து. அதில் ஒரு சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே மேலே போய் விக்கலில் முடிந்தது. யாருடையது என்று எனக்குப் பிடிபடவில்லை. “அக்காவுக்கு விக்கல் வந்துட்டு, தண்ணி குடும்மா” என்று சுகுணா சொன்ன பிறகுதான் தெரிந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண். சிரித்தால் அவளுக்கு விக்கல் வரும் என்பது பெற்றவனுக்குத் தெரியாது. மணியாச்சியில் ரயில்வே வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்கு ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். நெஞ்சில் சுருக்கென்றது. பொறாமைதான், வேறென்ன?

கதவைத் தள்ளினேன். “ஏட்டி, அப்பா வந்துட்டாவ.” அத்தோடு எல்லாம் அடங்கியது. ஒருத்தி பாயைச் சுருட்டினாள், ஒருத்தி கையில் கிடைத்த புத்தகத்தைப் பிரித்தாள், சத்தியபாமா அடுப்படிக்குப் போய்விட்டாள். தரையில் மருந்து முக்காத வெறும் தீக்குச்சி ஒன்று கிடந்தது. வெந்நீர் அடுப்பு பற்றவைக்க நான் கொண்டுவந்து போடும் கழிவுக் குச்சி.

நான் தீப்பெட்டி ஆபீஸில் ஃபோர்மேன். பேர்தான் ஆபீஸ், நாற்காலி ஒன்றே ஒன்றுதான் உண்டு, அதுவும் முதலாளிக்கு. மருந்து ரூம் என் பொறுப்பு. அதற்குள் செருப்பு கூடாது, பீடி கூடாது, விளையாட்டு கூடாது, சிரிப்பு கூடாது. முதல் மூன்றும் முதலாளி போட்ட சட்டம். நான்காவது நான் போட்டது.

இருபத்தாறு வயது வரைக்கும் நான் பெரிய வாயாடி. ஒருநாள் மருந்து ரூமில் நின்றுகொண்டு, கூட வேலை பார்த்த வெயிலுமுத்துவிடம் ஒரு கதை சொன்னேன். எப்போதும்வென்றான் ஊருக்குப் பெண் பார்க்கப் போனவன், வீடு மாறி உட்கார்ந்து, பஜ்ஜியெல்லாம் தின்றுவிட்டு, பெண் பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டு வந்த கதை. வெயிலுமுத்து சிரித்த சிரிப்பில், மருந்து முக்கிய குச்சி அடுக்கிய கட்டை அவன் கையிலிருந்து நழுவித் தரையில் உரசியது. குப்பென்று பற்றிக்கொண்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, அவனுக்கு இடது கை முழங்கை வரை வெந்துவிட்டது. அன்றைக்கு வாயை மூடியவன்தான். மருந்து ரூமில் மட்டும்தான் மூடியிருக்கிறேன் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செயின் கழன்ற நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஆபீஸில் நின்றால் வீட்டில் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்களோ என்று இருக்கிறது. வீட்டுக்குப் போனால் எப்போது வெளியே கிளம்பலாம் என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது துணிந்து ஒன்று சொல்லிப் பார்த்தேன். “இந்த ரசத்துல கெண்டைக்குஞ்சு விட்டா நீந்தும் போலிருக்கே.”

சத்தியபாமா கரண்டியோடு அப்படியே நின்றாள். “தண்ணியா இருக்கா? நாளைக்குப் பருப்புத்தண்ணி கூட ஊத்துதேன்.” பிள்ளைகள் இரண்டும் தலையைக் குனிந்து வேகமாகச் சாப்பிட்டு எழுந்துவிட்டன. கேலி என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. அந்த ரசத்தை இன்னொரு தடவை வாங்கிக் குடித்தேன்.

இன்றைக்குக் கார்த்திகை அடைமழை. மருந்து காயாது என்று மத்தியானம் இரண்டு மணிக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். கரிசல் மண் சக்கரத்தில் அப்பி வண்டி நகர மறுத்தது. தெருமுனையில் இறங்கினேன். அங்கே டீக்கடை வைத்திருப்பவன் அதே வெயிலுமுத்து. அவனிடம் தினமும் டீ குடிப்பேன், அந்தக் கையை மட்டும் பார்க்கமாட்டேன்.

“என்ன அண்ணாச்சி, தெனமும் இங்கன வந்ததும் பெட்ரோல் தீந்துருதோ?”

மழையில் நின்ற எரிச்சலோ என்னவோ, உண்மையைச் சொல்லிவிட்டேன். “வண்டிச் சத்தம் வீட்டுல கேக்கக் கூடாதுடே. கேட்டா பிள்ளைய சிரிப்ப நிறுத்திருதுவ.”

அவன் கிளாஸை எடுத்தான். இரண்டு கையாலும் டீயை ஆற்றினான். “அந்தப் பஜ்ஜிக் கதைய நான் இப்பவும் கடைக்கு வாரவங்ககிட்ட சொல்லுதேன் அண்ணாச்சி. ஆனா நீங்க சொன்ன மாதிரி வரமாட்டேங்கு.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெந்த கைக்காரன் இருபது வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். அப்படியென்றால் நான் யாருக்காக உர்ரென்று இருந்தேன்? டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை உருட்டினேன்.

மற்ற நாள் மாதிரி ஜன்னலில் நின்று ஒட்டுக்கேட்கவில்லை. நேரே உள்ளே போய், அவர்கள் பாயைத் தொடுவதற்குள் சேற்றுக்காலோடு அதன் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நடுவில் வெறும் குச்சிகள் குவியலாகக் கிடந்தன. மற்றது அசையாமல் ஒவ்வொன்றாக எடுக்கிற விளையாட்டு. அசைந்தால் அவுட்டு.

“அடுப்புக்குப் பொறுக்கிட்டு இருந்தோம்” என்றாள் சத்தியபாமா.

“யாரு முறை?”

சுகுணா புத்தகத்துக்குக் கையை நீட்டினாள்.

“யாரு முறைன்னு கேக்கேன்லா!” ஃபோர்மேன் குரல் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“அம்மா முறை” என்றாள் சுகுணா, பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

“அம்மாவுக்குப் பதிலா நான் எடுக்கேன்.”

மேலாகக் கிடந்த ஒரு குச்சிக்கு விரலைக் கொண்டுபோனேன். இருபது வருஷம் மருந்துக்குப் பக்கத்தில் பழகிய கைதானே என்று நினைத்தேன். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குச்சி கைக்கு வந்தது. கூடவே குவியலும் பொலபொலவென்று சரிந்தது.

யாராவது அவுட்டு என்று சொல்வார்களா என்று காத்திருந்தேன். சுகுணா அக்காவைப் பார்த்தாள். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா குச்சியைப் பார்த்தாள். இந்த வீட்டில் இனி எனக்கு இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

“அசையல” என்றேன். பச்சைப் பொய். சொல்லிவிட்டு அடுத்த குச்சிக்குக் கையை நீட்டினேன்.

பட்டென்று என் மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது. “அசைஞ்சுட்டுப்பா. எடுங்க கைய.”

அடித்தது ஜெயப்பிரியா. அடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது போல. முகம் வெளுத்துவிட்டது, கை அந்தரத்திலேயே நின்றது. நான் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன்.

“அசையல. காத்து” என்றேன்.

“சன்னலே சாத்தியிருக்கு” என்றாள் சத்தியபாமா, என்னைப் பார்க்காமல். அவள் தோள் லேசாகக் குலுங்கியது.

ஜெயப்பிரியா அந்தரத்தில் நின்ற கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டும்வரை பொத்தினாள். பொத்திய கைக்குள்ளிருந்து ஒரு விக்கல் வந்தது.