இளைத்த கழுத்து

இளவரசனுக்கு உலகத்தைத் திருத்தும் ஆசையெல்லாம் கிடையாது. மிரர் என்கிற ஒரே ஒரு கட்டளையைத் திருத்தினால் போதும் என்றிருந்தான்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுச்சேலைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, தறி அதைப் பார்த்து நெய்யத் துளை போட்ட அட்டை அடித்துக் கொடுப்பது அவன் தொழில். கரையில் வரும் இருதலைப்பட்சியைப் பாதிதான் வரைவான். மறுபாதியை அவன் புழங்கும் கணினி மொழியோடு கூடவே வந்த மிரர் கட்டளை திருப்பிப் போட்டு ஒட்டிவிடும். ஒட்டும்போது நடுக்கட்டம் மட்டும் இரண்டு தடவை விழுந்து பறவைக்குத் தொந்தி வந்துவிடும். அதை வெட்டித் தள்ளத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரி அவனுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

அந்த மொழியைப் பராமரிப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு தேசம். நடுக்கட்டத்தை மிரரே ஒரு தடவை மட்டும் போடட்டும் என்று அவர்களுடைய இணைய மன்றத்தில் விண்ணப்பம் வைத்தான். ஒரு வரியை மிச்சம்பிடிக்க எட்டு மாதம் பக்கம் பக்கமாக எழுதி வாதாடினான். கடைசியில் ஒருவர் கேட்டார்: "ஏற்கெனவே தாங்களே வெட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இனி இரண்டு வெட்டு விழுமே?"

"புது வெர்ஷன் போடுகிறவன் பழைய வரியை எடுத்துவிடுவான். அதை மறக்கும் அளவுக்கு முட்டாள் எவனும் இல்லை" என்று இளவரசன் உறுதி கொடுத்தான். விண்ணப்பம் தேறியது.

அந்த நேரம் பார்த்துத் தங்கை சுகாசினிக்குக் கல்யாணம் கூடிவந்தது. முகூர்த்தச் சேலைக்கு டிசைன் அண்ணனுடையது. ஆனால் அண்ணன் அட்டை அடிக்கவில்லை. புது வெர்ஷன் வரட்டும், அதில் உருவாகும் உலகத்தின் முதல் சேலை உன்னுடையதுதான் என்று பத்து நாளை விழுங்கினான். வெர்ஷனும் வந்தது. மாற்றங்களின் பட்டியலில் நாற்பத்தேழாவது இடத்தில் அவன் பெயர், பக்கத்தில் காஞ்சிபுரம். தெருவில் ஒருவரை விடாமல் போனில் காட்டினான். அன்றைக்கே அட்டையும் அடித்தான்.

மூன்றாம் நாள் நெசவாளி முனிரத்தினம் அண்ணன் தங்கை இருவரையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"இன்னாபா இது? ஒரு தலை நல்லா துன்னுக்கினு இருக்குது, இன்னொண்ணு பட்டினி கெடக்குது!"

தறியில் இரண்டு முழம் ஏறியிருந்தது. வரிசையாக எல்லாப் பறவைக்கும் வலப்பக்கக் கழுத்து இளைத்திருந்தது. சுகாசினி குனிந்து இளைத்த கழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"அட்டையில இன்னா இருக்குதோ அதத்தான் நெய்வேன். இந்த ரெண்டு முழம் இடுப்புல சொருவுற பக்கம், போவட்டும். சாயங்காலத்துக்குள்ள வேற அட்டை வரலன்னா முகூர்த்தத்துக்குச் சேலை இல்ல, சொல்ட்டேன்" என்றார் முனிரத்தினம்.

இளவரசனுக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு பேர்தான் தங்கமான யோசனையைச் சொதப்பிவிட்டார்கள். தன் டிசைன் கடைக்கு ஓடிவந்து மன்றத்தில் கொதித்து ஒரு புகார் எழுதி, டிசைன் நிரலையும் இணைத்தான். பட்டியலில் வந்த பெயரால் புகார் சொன்னால் மரியாதை கெடுமே என்று, காஞ்சிபுரம் முகவரியோடு கடையின் பெயரில் போட்டான். கூடவே வந்த சுகாசினி பின்னால் நின்றாள்.

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது.

"இது பிழை அல்ல. நீங்கள் அனுப்பிய நிரலில் பழைய வெட்டு வரி இன்னும் இருக்கிறது; இப்போது அது வலப்பக்கக் கழுத்தை வெட்டுகிறது. அதை எடுக்க மறக்கும் அளவுக்கு முட்டாள் எவனும் இல்லை என்று விண்ணப்பித்தவர் உறுதி கொடுத்திருந்ததால் நாங்கள் எச்சரிக்கை வைக்கவில்லை. மன்னிக்கவும். அவரும் காஞ்சிபுரம்தான். ஒருவேளை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்."

எல்லா டிசைனும் அதன் வழியே போகும்படி ஆறு வருடத்துக்கு முன் அவனே எழுதி, அவனே மறந்த கோப்பில் அந்த வரி பத்திரமாக இருந்தது. இளவரசனுக்குக் காது சுட்டது. தங்கை முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வரியை அழித்துவிட்டு, மன்றத்தின் ஜன்னலை மூடப் போனான்.

சுகாசினி அவன் கையைப் பிடித்தாள்.

"மூடாதண்ணா. அந்த ஆளு நல்லா தெரிஞ்சவருதான், சாயங்காலத்துக்குள்ள அட்டை அடிச்சுக் குடுத்துடுவாருன்னு பதில் போடு."