ஆம்பிளைக்கு ஏற்ற வலி

ஒப்துலியோவுக்கு முதுகில் டிஸ்க் விலகிவிட்டது என்று அந்தத் தெருவே நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? அந்தீகுவா நகரத்தில் பாதி வீடுகளுக்குச் சுவர் எழுப்பிய கொத்தனார் அவன். சாரத்திலிருந்து ஒரு தடவை விழுந்தும் இருக்கிறான். டிஸ்க் என்பது கௌரவமான நோவு, உழைத்த உடம்புக்கு வருவது. மச்சினன் நேத்தோ வரும்போதெல்லாம், "மச்சான், உன் முதுகு ஊரையே சுமந்த முதுகுய்யா" என்று ஓங்கித் தட்டிவிட்டுப் போவான். தட்டின இடம் பொழுது சாயும்வரை எரியும்.

டிஸ்க்கும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அவனுக்கு வந்திருந்தது பைப்ரோமயால்ஜியா. பெண்டாட்டி சோய்லா ஒன்பது வருடமாகப் படுகிற அதே பாடு. எக்ஸ்ரேயில் தெரியாது, ரத்தத்தில் தெரியாது, ஆனால் உச்சி முதல் உள்ளங்கால் வரை வலிக்கும். போட்டிருக்கிற சட்டைகூட உறுத்தும். சோய்லா அதைச் சொன்ன புதிதில், "என் வீட்டுக்காரிக்குச் சட்டை வலிக்குதாம்!" என்று வேலை செய்கிற இடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் இவன்தான். வேலை குறைந்த பொம்பளைகளுக்கு வருகிற வியாதி என்று பட்டம் கட்டியவனும் இவன்தான். கொத்தனார்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்களில் நேத்தோ, சோய்லாவின் கூடப் பிறந்த தம்பி, அவன்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அப்படிப் பேசிய வாயை வைத்துக்கொண்டு, எந்த மூஞ்சியோடு போய் எனக்கும் அதேதான் என்பான்?

சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தலைநகருக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்திருந்தான். அவர் நோயின் பெயரைச் சொன்னதும் இவனுக்குக் காது அடைத்துப்போனது.

"டாக்டர், அது பொம்பளைங்க வியாதியாச்சே?"

"பெண்களுக்குத்தான் அதிகம். ஆம்பிளைங்களுக்கும் வரும். நீங்கதான் வெட்கப்பட்டுக்கிட்டு வெளியே சொல்றதில்லையே."

மருந்துச் சீட்டைப் பஸ்ஸிலேயே கிழித்து ஜன்னல் வழியே விட்டான். அந்த மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுபோனால் சோய்லா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். அவள் தினமும் விழுங்குவதும் அதுதானே. வாசலிலேயே வைத்து "டிஸ்க்காம்" என்றான். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஐயோ, எனக்குத் தெரியும், நீ ஒண்ணுமில்லாம முனகுற ஆளில்லையே" என்று கையைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் அவன் முதுகுக்குத் தைலம் தேய்ப்பது அவள் வேலையாகிவிட்டது. சோள ரொட்டி தட்டுவதற்கே மடங்காத விரல்கள் அவை. நடுவில் நிறுத்தி, கையை உதறிவிட்டு, மறுபடி தேய்ப்பாள். இவன் குப்புறப் படுத்தபடி, சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று தன்னையே திட்டிக்கொள்வான். சொல்லமாட்டான். தைலம் இதமாக இருந்தது, அதுதான் இன்னும் கேவலம்.

இதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். பாவி மனுஷன், அவளுடைய மாத்திரையையே எடுக்க ஆரம்பித்தான். அடுப்புக்கு மேலே பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பாள். முதலில் ஒன்று. உடம்பு லேசானது, அன்று தூங்கினான். பிறகு வாரத்தில் இரண்டு மூன்று. ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு அளந்து கொடுக்கிற மருந்து, மாதக் கடைசியில் துண்டு விழாமல் இருக்குமா? சோய்லா டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"காலையில போட்டதை மறந்துட்டு மறுபடி போட்டிருக்கேன் போல. இந்த நோவு தலையையும் மந்தமாக்கும்னு சொன்னாங்களே."

"இருக்கும்" என்றான் ஒப்துலியோ.

ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டு அவரை மசியலை ரொட்டியில் வழித்துத் தின்றான். அது தொண்டையில் இறங்கத்தான் இறங்கியது.

அடுத்த மாதமும் குறைந்தது. சோய்லா இப்போது அழுதாள். அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளின் பெயரே தெரியாமல் கிடந்து செத்தவள். தனக்கும் அந்தக் கதிதான் என்று முடிவே கட்டிவிட்டாள். டப்பாவைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். "இந்தா, நீ வச்சுக்கோ. வேளா வேளைக்கு நீயே எடுத்துக் குடு. என் புத்தியை நான் நம்பமாட்டேன்."

அன்றோடு அவன் திருடுவதை விட்டான். நல்ல புத்தியெல்லாம் இல்லை, கை கூசியது, அவ்வளவுதான். அந்த மாதம் மாத்திரை சரியாக இருந்தது. "பாத்தியா," என்றாள் சோய்லா, "உன் கைக்குப் போனதும் குறையவே இல்ல. கோளாறு என்கிட்டதான்." இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவும் முயற்சி செய்தாள். ஒப்துலியோவுக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. டப்பாவை இறுக மூடினான்.

பெரிய வெள்ளி வந்தது. சிலுவை சுமந்த ஆண்டவரின் சப்பரத்தை ஆண்கள் தூக்குவார்கள், பின்னால் வரும் வியாகுல மாதாவின் சப்பரத்தைப் பெண்கள். தவக்காலத்துக்கு முன்பே கோவில் முற்றத்தில் ஒவ்வொருவருக்கும் தோள் உயரம் அளந்து, ஒரே உயரக்காரர்களை ஒரே வரிசையில் போட்டிருப்பார்கள். ஒருவன் தோளை இறக்கினாலும் அவன் பாரம் பக்கத்தில் இருப்பவன் தலையில்தான். சோய்லாவுக்கு மாதா சப்பரத்தில் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. மகள் பிழைப்புத் தேடி வடக்கே எல்லை தாண்டி உயிரோடு போய்ச் சேர்ந்தால் வருடம் தவறாமல் தோள் கொடுப்பேன் என்று நேர்ந்துகொண்டது. மகள் போய்ச் சேர்ந்தாள். இவளும் நோவோடு நோவாக ஒரு வருடம்கூட விட்டதில்லை.

காலையில் ஊதா அங்கியோடு வரிசையில் நின்றபோது நேத்தோ காதில் கிசுகிசுத்தான். "டிஸ்க்கை வச்சுக்கிட்டு எதுக்கு மச்சான் இந்த வீம்பு? இடத்தை வேற யாருக்காவது குடேன்."

"செத்தாலும் மாட்டேன்."

இதையும் விட்டுவிட்டால் ஆண்பிள்ளை என்று சொல்லிக்கொள்ள என்ன மிச்சம் என்று அவனுக்கு நினைப்பு. டிஸ்க் போயும் தூக்குகிறான் பார், மனுஷன் இரும்பு என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டான்.

மாத்திரை இல்லாத உடம்பு பாதித் தெருகூடத் தாங்கவில்லை. தெருவில் போட்டிருந்த மரத்தூள் கோலங்களை மிதித்துச் சப்பரம் நகர, வாத்தியக்காரர்கள் பின்னால் இழுத்து இழுத்து ஊத, தோளில் தொடங்கிய தீ இடுப்புக்கு இறங்கியது. முழங்கால் தானாக மடங்கியது. சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "எவன்டா அது தோளை இறக்குறது?" என்று முன்னாலிருந்து ஒரு குரல். அவன் பாரத்தையும் சேர்த்துத் தாங்கிய நேத்தோவின் முகம் கறுத்துவிட்டது. மாற்று ஆள் ஒருவன் ஒப்துலியோவை வெளியே இழுத்துத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்தான். சப்பரம் போய்விட்டது. இவன் தெருவோரக் கல்லில் சரிந்து உட்கார்ந்தான்.

அடுத்த முனையில், கறுப்பு உடையும் வெள்ளை முக்காடுமாகத் தன் முறைக்குக் காத்திருந்தாள் சோய்லா. உன் வீட்டுக்காரர் விழுந்துட்டார் என்று யாரோ சொல்ல, வரிசையை விட்டு ஓடி வந்தாள். அந்த நோவுக் காலோடு ஓடி வந்தாள். வந்ததும் மண்டியிட்டு அவன் முதுகைத் தடவத் தொடங்கினாள்.

"விடு" என்றான். "தொடாதே."

"ரொம்ப வலிக்குதா?"

"உன் மாத்திரையை நான்தான் எடுத்தேன்."

அவள் கை நின்றது. "எதை?"

"குறைஞ்சதெல்லாம் நான் எடுத்ததுதான். நீ எதையும் மறக்கல. உன் தலை நல்லாத்தான் இருக்கு. டிஸ்க் இல்ல சோய்லா, எனக்கும் உன் நோவுதான்."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தான். விழவில்லை.

"யாரு சொன்னது?"

"தலைநகர்ல ஒரு டாக்டர்."

"எத்தனை தடவை போனே?"

"ஒரே தடவைதான்."

"ஒரே தடவையில நம்பிட்டாரா?"

கேள்வி எங்கே போகிறது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "நம்பிட்டாரு" என்றான்.

"என்ன சொன்னாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூடத் தெம்பு இல்லை. "ஒரு ஆம்பிளை இவ்வளவு தூரம் வந்து வலிக்குதுன்னு சொன்னா, அது நிஜமாத்தான் இருக்கணும்னாரு."

அப்போதுதான் சோய்லா அழுதாள். மாத்திரைக்காக அழவில்லை. "என்னை நம்புறதுக்கு நாலு வருஷம் ஆச்சு. மக போன ஏக்கம்னாரு ஒருத்தர். உடம்பைக் குறைன்னாரு ஒருத்தர். இன்னொருத்தர் என்கிட்ட கேட்கவே இல்ல, உன்னை உள்ளே கூப்பிட்டு உன்கிட்ட கேட்டாரு. அன்னிக்கு நீ என்ன பதில் சொன்னே? ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு. உன் வாயால சொல்லு."

"இவ எதையும் பெருசு பண்ணுவா டாக்டர்னு சொன்னேன்."

மாதாவின் சப்பரம் அவர்களைக் கடந்தது. சோய்லாவின் இடத்தில், அவள் உயரத்தில், வேறு ஒரு இளம்பெண் தோள் கொடுத்துப் போய்க்கொண்டிருந்தாள். சோய்லா அதைப் பார்த்தாள். மகளின் பெயரை முணுமுணுத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். முக்காட்டு முனையால் முகத்தைத் துடைத்தாள்.

"எந்திரி."

"முடியலடி. உசிரு போற மாதிரி வலிக்குது."

"தெரியும். உன் நோவு எப்படி இருக்கும்னு இந்த ஊர்ல என்னைவிட யாருக்குத் தெரியும்? எந்திரிச்சு நட. நான் நடக்கல?"

கை கொடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

முறை முடிந்து நேத்தோ தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான். "டிஸ்க் நழுவிடுச்சா மச்சான்? தூக்காதேன்னு அப்பவே சொன்னேனே!"

ஒப்துலியோ போகிறவளைப் பார்த்தான். அவள் காதுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டாள். "டிஸ்க்கெல்லாம் ஒண்ணும் கிடையாது. உங்க அக்காவுக்கு இருக்கிற நோவுதான் எனக்கும்" என்றான்.

நேத்தோ கடகடவென்று சிரித்தான். மச்சானும் கூடச் சிரிப்பான் என்று காத்திருந்தான். சிரிக்கவில்லை என்றதும் அவன் சிரிப்பும் பாதியில் நின்றது. பக்கத்தில் ஊதா அங்கியில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒப்துலியோவுக்கு முகமெல்லாம் எரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவள் பின்னால் நடந்தான். அவள் நிற்கவில்லை. நில்லு என்று கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை.