மாமியாரின் மேற்குச் சுவர்

என் மாமியாரை இதுவரை எத்தனை தடவை கொன்றிருக்கிறேன் என்று கேட்டால் எனக்கே கணக்குத் தெரியாது. தலையைச் சீவியிருக்கிறேன். களஞ்சியத்துக்குள் பூட்டி வைத்து எரித்திருக்கிறேன். ஒருமுறை அவளுடைய தளபதியை ஆற்றங்கரையில் கழுவேற்றிவிட்டு, அன்று சாயங்காலம் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். "சர்க்கரை பத்தல" என்றாள். அவளும் சளைத்தவள் இல்லை. நான் காய்ச்சலில் படுத்திருந்த நாளில் என் சுரங்கத்து ஆட்களை ஒருவர் விடாமல் வெட்டிச் சாய்த்துவிட்டு, என் நெற்றியில் ஈரத்துணி போட வந்தாள். துணியைப் பிழியும்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், பாவி.

எல்லாம் போனில் நடப்பது. ஆளுக்கு ஒரு கோட்டை, வயல், சுரங்கம், படை. நாம் தூங்கினாலும் அங்கே பயிர் விளையும், பக்கத்துக் கோட்டைக்காரன் கத்தி தீட்டுவான். முடிவே இல்லாத விளையாட்டு, வருஷக்கணக்காக ஓடுகிறது. கோட்டை எரிந்துபோனால் ஒரு குடிசையிலிருந்து மறுபடி தொடங்கலாம். ஒரேயடியாக விட்டுவிட வேண்டும் என்றால் 'தேசத்தைக் கலை' என்று சிவப்பில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எல்லாம் மண், திரும்பி வரவும் முடியாது.

என் மாமியார் பெண்கள் சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே இரவுப் பணியில் தூக்கம் வராமலிருக்கத் தொடங்கிய விளையாட்டு இது. கோட்டைக்குப் பெயர் 'பூட்டு'. நான் இறைச்சி வெட்டுகிறவள். பெரிய கடைகளுக்கு இறைச்சி போகும் குளிர் அறையில் எனக்கு வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும், "எத்தனை சோப்பு போட்டாலும் உன் கையில ரத்த வாடை போக மாட்டேங்குதே" என்றாள். அவளுக்குத் தெரியாமல் அதே விளையாட்டில் சேர்ந்து, ஆற்றுக்கு இந்தப்பக்கம் 'வெட்டுக்கட்டை' என்று கோட்டை கட்டி, படை சேர்த்து, ஒருநாள் அவள் களஞ்சியத்தைக் கொளுத்தினேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"நீயா?"

"ஆமா அத்தை."

கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதோடு சமையலறைச் சண்டை நின்றது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, எங்கள் வீட்டில் இரண்டு பேரும் உடைத்தது கோட்டையை. குடங்கள் தப்பித்தன. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பகல் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல். வீட்டுக்கு வந்தால் இரண்டு பொம்பளைகள் எதிரெதிரே உட்கார்ந்து சத்தமில்லாமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். மனுஷன் அதையே சொர்க்கம் என்று நினைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவளுடைய மேற்குச் சுவரை இடித்தேன். கல் கல்லாக அவள் எழுப்பிய சுவர், விளையாட்டிலேயே பெரியது. கல்லெறி எந்திரங்களை வரிசையாக நிறுத்தி அடித்தேன். கோபுரம் சரிந்து அவள் வில்லாளிகள் மேலேயே விழுந்தது. கீழே நசுங்கியவர்களை என் ஈட்டிக்காரர்கள் குத்திக்கொண்டே உள்ளே போனார்கள். எதிர் சோபாவில் இருந்தவள் எழுந்து நின்றாள்.

"அடிப் பாவி! என் சுவர..."

அடுத்த வார்த்தை குழறியது. வாய் ஒருபக்கம் இறங்கியது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் மேஜை விளிம்பில் மோதி விழுந்தாள். கண்ணாடி உடைந்து புருவத்தில் ஏறியதில் தரையெல்லாம் ரத்தம். நாள் முழுக்க ரத்தத்தில் நிற்கிறவள் நான். அன்று அவள் புருவத்தில் துணியை வைத்து அழுத்தவே எனக்கு ஒரு நிமிஷம் ஆனது.

பக்கவாதம் என்றார் டாக்டர். ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டாளா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து தேடினால், ஜன்னலோரப் பூந்தொட்டிக்குள் மாத்திரைகள் விதை விதைத்த மாதிரி கிடந்தன. என் வீட்டுக்காரர் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

"நீதான்டி கொன்ன. எங்கம்மாவ நீதான் கொன்ன."

"வாய அலம்புங்க. அவங்க உயிரோட இருக்காங்க."

"அந்தப் போனக் குடு!"

பிடுங்க வந்தார். நான் அவர் கையை முறுக்கினேன். ஆட்டுத்தொடையை மூட்டோடு திருகி எடுக்கிற கை இது, கொஞ்சம் அதிகமாகிவிட்டது. குளிர்பெட்டியில் போய் மோதினார். உதடு கிழிந்தது. எழுந்த வேகத்தில் என் தட்டை எடுத்துச் சுவரில் அடித்தார். நான் அவர் தட்டை எடுத்து அடித்தேன். அடுத்து எறிய எதுவும் கைக்கு எட்டாததால் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம்.

"அம்மா வீட்டுக்கு வரும்போது அந்தச் சனியன் இங்க இருக்கக் கூடாது" என்றார், உதட்டைத் துடைத்துக்கொண்டே. "உன்னோடதும் சரி, அம்மாவோடதும் சரி, ரெண்டையும் கலைச்சிடு. இல்லன்னா அம்மாவக் கூட்டிட்டு நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன். நீ இங்க உன் கோட்டையக் கட்டிக்கிட்டு அழு."

சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவர். சொன்னால் செய்வார்.

ஆஸ்பத்திரியில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வலது பக்கம் செத்துவிட்டது. பேச்சு இல்லை. கத்தியோடு பாய்ந்த கைதியை வெறுங்கையால் மடக்கிப் போட்டவள் அவள், இடது உள்ளங்கையில் அந்த வெட்டுத் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் கையில் பயிற்சி தருகிற பெண் ஒரு ரப்பர் பந்தை வைத்து, "அமுக்குங்கம்மா" என்றாள். விரல் மடங்கவில்லை. பந்து உருண்டு கட்டிலுக்கடியில் போனது. எடுத்து வைத்தாள், மறுபடி உருண்டது.

"இடது கையில கோளாறே இல்லங்க" என்று என்னிடம் சொன்னாள். "அவங்களுக்கு மனசு இல்ல. மனசு வரலன்னா கையும் வராது, பேச்சும் வராது. இப்படியே விட்டா படுத்த படுக்கைதான்."

"அத்தை" என்றேன். திரும்பவில்லை.

வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தேன். போதும், கலைத்துவிடலாம். ஒரு சுவரை இடிக்கப்போய் ஒரு மனுஷியைச் சாய்த்துவிட்டேனே. போனை எடுத்து அந்தச் சிவப்புப் பொத்தான் வரை போய்விட்டேன். கட்டைவிரலை அதன்மேல் வைக்கப் போகும்போது விளையாட்டில் நான் சேர்ந்திருந்த கூட்டணியின் தலைவன் கோடாலியிடமிருந்து செய்தி வந்தது. அவன் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது, கோடாலி என்பது விளையாட்டில் அவன் வைத்துக்கொண்ட பெயர்.

"பூட்டுக் கோட்டை ஒரு வாரமா பேச்சுமூச்சு இல்ல. கிழவி காலி போல. நாளைக்கு மதியம் மொத்தமாப் போய் அள்ளிட்டு, கோட்டையக் கொளுத்திட்டு வந்துடலாம். வெட்டுக்கட்டை, நீதான் முன்னாடி போகணும். அவ உன் ஜென்ம விரோதியாச்சே!"

கோட்டைக்கு உரியவர் ஒரு வாரம் எட்டிப் பார்க்காவிட்டால் அதன் படை தூங்கிவிடும். யார் வேண்டுமானாலும் புகுந்து அறுக்கலாம். செத்த பாம்பை அடிக்கத்தான் எத்தனை பேர் கம்போடு வருகிறார்கள்!

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் மாமியாரைக் கொல்ல நீ யாருடா? அவள் என் எதிரி. அவளை வெட்டுவதானால் நான் வெட்டுவேன், நடுவில் நுழைய உனக்கு என்ன உரிமை? நர்ஸ் திரும்பிப் பார்த்ததும்தான் இதையெல்லாம் வாய்விட்டுக் கத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது.

யார் கோட்டையையும் காக்க நம் படையை அனுப்பலாம். எதிரியின் கோட்டைக்கும் அனுப்பலாம், அதற்குத் தடை இல்லை. அப்படிச் செய்கிற கிறுக்கி இருக்கமாட்டாள் என்று நினைத்திருப்பார்கள். நான் ஈட்டிக்காரன், குதிரைக்காரன், கல்லெறிகிறவன் என்று ஒருவர் பாக்கி இல்லாமல் திரட்டி ஆற்றைத் தாண்ட வைத்தேன். நான் இடித்த அதே மேற்குச் சுவரின் ஓட்டையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மறுநாள் மதியம் நான் குளிர் அறையில் இருந்தேன். கொக்கிகளில் பாதி உடல்கள் தொங்க, போனைத் தராசுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தேன். முதல் அலை வந்தது. என் முன்வரிசை ஈட்டிக்காரர்கள் குதிரைகளின் வயிற்றைக் கிழித்தார்கள், குதிரைகள் அவர்கள் மேலேயே விழுந்து நசுக்கின. போனில் வந்த ஒவ்வொரு செய்திக்கும் இறைச்சியில் ஒரு வெட்டுப் போட்டேன். இரண்டாவது அலையில் என் வில்லாளிகள் போனார்கள். கழுத்துகள், கைகள், ஓட்டை நிறையப் பிணங்கள். பிணக் குவியலையே சுவராக்கி மீதிப்பேர் நின்றார்கள். கத்தி கட்டையில் இறங்கி மாட்டிக்கொண்டது. பிடுங்கி மறுபடி ஓங்கினேன். எலும்புத் தூள் என் முகத்தில் தெறித்தது.

"ஏம்மா" என்றார் மேற்பார்வையாளர், கதவோரமாக நின்று. "அது ஏற்கனவே செத்துப்போச்சு. கொஞ்சம் மெதுவா வெட்டும்மா."

கடைசி அலையில் கோடாலியே வந்தான். அவன் குதிரைப்படையில் பாதியை என் ஆட்கள் காலை வெட்டிச் சாய்த்தார்கள். பிறகு அவர்களும் ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசி ஆள் விழுந்தபோது கோடாலியிடம் கோட்டைக்குள் நுழையும் அளவுக்கு ஆள் மிஞ்சவில்லை. திரும்பிப் போனான். போகும்போது என்னைக் கூட்டணியை விட்டுத் துரத்தினான். "துரோகி. சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்று எழுதியிருந்தான். நான் பதிலுக்கு எழுதியதை இங்கே சொன்னால் நன்றாக இருக்காது.

சாயங்காலம் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவள் அதே சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். நான் கிட்டே போனதும் நெற்றி சுருங்கியது. ரத்த வாடை மூக்குக்குப் போயிருக்க வேண்டும்.

"அத்தை, உங்க கோட்டையக் கொள்ளையடிக்க ஒரு கும்பலே வந்துச்சு. என் படைய உங்க மேற்குச் சுவர்ல நிறுத்தினேன். அத்தனை பேரும் செத்துட்டாங்க. உங்க களஞ்சியத்துல ஒரு மூட்டை குறையல."

தலை திரும்பியது. கண்ணில் நன்றி இல்லை. உன்னிடம் யார் கேட்டார்கள் என்கிற ஆங்காரம்தான் இருந்தது. அப்பாடா, ஆள் உள்ளேதான் இருக்கிறாள்!

சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்திருந்த அவளுடைய போனை அவள் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என் கோட்டையில இப்ப காவலுக்கு ஒரு நாய்கூட இல்ல. அன்னைக்குச் சுவர்ல விழுந்தவங்க போக உங்க படை முழுசா இருக்கு, நீங்க தொட்டா முழிச்சுக்கும். ஆயுசுக்கும் இப்படி ஒரு நேரம் வராது. என்ன, மருமகளாச்சேன்னு பாவம் பாக்கப் போறீங்களா?"

விரல்கள் விரிப்பின்மேல் ஊர்ந்தன. ரப்பர் பந்தைப் பிடிக்காத கை போனைப் பிடித்தது. கட்டைவிரல் நடுங்கி, வேறெங்கோ பட்டு, முதலில் தச்சர்களைப் போருக்கு அனுப்பினாள். ச்சை என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு அவர்களைத் திருப்பிக் கூப்பிட்டாள். பிறகு சரியான இடத்தை அழுத்தினாள். எங்களுக்கு நடுவே இருப்பது ஓர் ஆறுதான். டீ குடிக்கிற நேரத்தில் படை வந்து சேர்ந்துவிடும். இரண்டு பேரும் காத்திருந்தோம்.

கதவை உடைத்தார்கள். களஞ்சியம், லாயம், சுரங்கம் என்று வரிசையாக எரிந்தன. ஓடியவர்களைத் துரத்தித் துரத்திக் குத்தினார்கள். கிணற்றில் பிணத்தைத் தள்ளினார்கள். செத்துப்போன என் அம்மாவின் பெயரை வைத்து ஒரு கோபுரம் கட்டியிருந்தேன். அதையும் விடவில்லை. அது சரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருஷம் கட்டியதாயிற்றே, வலிக்காதா? அவள் வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியது.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் சூப் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார்.

"அடிப் பாவி, இங்கயே ஆரம்பிச்சிட்டியா!"

பிளாஸ்க்கை வைத்துவிட்டு அம்மா கையிலிருந்த போனை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். கட்டில்தான் அசைந்தது.

"வி...டு...டா" என்றாள் அவள்.

அவர் கையை விட்டார். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். விழுந்ததிலிருந்து அவள் வாயில் வந்த முதல் வார்த்தை அது.

"நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு" என்றேன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அவங்களத் தடுக்காதீங்க. என்னோடது எரிஞ்சுபோச்சு, இனிமே நான் விளையாடல. இதோ, உங்க கண்ணு முன்னாடியே கலைச்சிடறேன்." மனசாரத்தான் சொன்னேன். சிவப்புப் பொத்தானைத் திறந்தேன்.

போனை விட்டுவிட்டு என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஜெயில் பிடி. நகம் தோலுக்குள் இறங்கி ரத்தம் துளிர்த்தது.

"கட்டு...டி" என்றாள். எச்சில் வழிந்தது. மூச்சை இழுத்து இழுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளினாள். "மறு...படி... கட்டு."

என் வீட்டுக்காரர் அவள் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிளாஸ்க் மூடியைத் திறந்து சூப்பை ஊற்ற ஆரம்பித்தார், பாதி வெளியே கொட்டியது.

"கட்டித் தொலையேன்" என்றார். "அவங்க சொல்றாங்கல்ல."

எரிந்த மண்ணில் ஒரு குடிசைக்குக் கால் நட்டேன். கூரை போடுவதற்குள் அவள் அதையும் கொளுத்திவிட்டாள்.