நீக்கலாமா, வேண்டாமா

“ஆஸ்ட்ரிட் எழுதின கேள்விங்க இன்னும் வந்துகிட்டேதான் இருக்கும், மார்லிஸ். அதப் பாத்து நீ பயந்துடாத.”

“செத்துப்போனவங்க எழுதினதையா பரீட்சையில கேப்பாங்க?”

“எழுதின உடனே கேக்க மாட்டாங்க. முதல்ல மார்க் இல்லாத பகுதியில நுழைச்சு, பசங்க எங்க தடுமாறுறாங்கன்னு பாப்பாங்க. அப்புறம் வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். நீ சமைச்சு வச்ச கேசரோல் ஃப்ரீஸர்ல கிடக்கிற மாதிரி.”

“என் கேசரோலை இழுக்காம உனக்கு ஒரு பேச்சு பேச வராதா?”

வெண்டலை நான் மணந்துகொண்ட புதிதில் இந்தச் சமையலறையில் எங்களுக்குள் நடந்த பேச்சு இது. ஆஸ்ட்ரிட் அவனுடைய முதல் மனைவி. கல்லூரியில் சேர எழுதுகிற தேர்வில் ஆங்கில எழுத்துப் பகுதிக்குக் கேள்வி தயாரிப்பது அவள் வேலை. எங்கள் அயோவாவில், இந்த ஊரில், அந்த வேலை பார்ப்பவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். சோளத்துக்கு அடுத்தபடியாக இங்கே விளைவது கேள்விகள்தான்.

கேள்வி எழுதுபவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. எழுதும் பத்திகளில் சாவு வரக்கூடாது, நோய் வரக்கூடாது. தேர்வெழுதும் குழந்தை கலங்கிவிடுமாம். ஆஸ்ட்ரிட் தன் கடைசி மாதங்களில் படுக்கையில் சாய்ந்தபடியே எழுதினாளாம். அவள் எழுதிய உலகத்தில் எல்லோரும் பூச்செடி நட்டார்கள், தேனீ வளர்த்தார்கள், பழைய பாலங்களைப் பழுது பார்த்தார்கள். யாரும் சாகவில்லை.

அவள் மகள் லினியாவுக்கு இப்போது பதினேழு வயது. மினியாபொலிஸுக்குப் போய்க் கட்டடக்கலை படிக்க ஆசை. தேர்வை இருமுறை எழுதிவிட்டாள். கணக்கில் குறையே இல்லை, வாசிப்பிலும் இல்லை. எழுத்துப் பகுதியில் மட்டும் பாதிக்கு மேல் விடையே குறிக்காமல் வந்துவிட்டாள். வருகிற சனிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. இதையும் விட்டால் மினியாபொலிஸ் இல்லை.

ஏன் விட்டாய் என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். ஆனால் அவ்வப்போது நான் நிற்கிற இடத்துக்கு வந்து, ஏதோ கேட்க வாயெடுத்து, “ஒண்ணுமில்ல” என்று போய்விடுவாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டு வந்ததும் ஒரு பழைய தேர்வுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். வானம் காலையிலிருந்தே சாம்பலாக இருந்தது. அறுத்த வயல்களுக்கு அப்பால் தானியம் உலர்த்தும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

“நான் நேரம் பாக்கட்டுமா?” என்றேன்.

“பாருங்க. கையில கடிகாரத்தோட நீங்க நிக்கிறது எங்க ஓட்டப்பந்தயக் கோச் மாதிரியே இருக்கு. விசில்தான் குறைச்சல்.”

“வாயடிக்காம பேப்பரைப் பாரு.”

“இது பாக்கவே வேண்டாத பேப்பர், மார்லிஸ். சுருக்கமா இருக்கணும், பக்கத்து வரியோட ஒட்டணும், அவ்வளவுதான். ஒரு வரிக்குக் கீழ கோடு போட்டிருந்தாலே அதுல தப்பு இருக்கும்னு பாதிப் பசங்க நினைச்சு, நல்லா இருக்கிற வரியைப் போட்டுக் கெடுப்பாங்க. ‘அப்படியே இருக்கட்டும்’னு குடுத்திருக்கிற முதல் விடையைத் தொடவே பயம்.”

அவளுக்குப் பயமில்லை. பென்சில் சரசரவென்று ஓடியது. முதல் பத்தி தேனீக்கள், அடுத்தது ஏதோ ஒரு பாலம். மூன்றாவது பத்தியின் நடுவில் பென்சில் நின்றது.

அவள் கண் ஒரே வரியில் இருந்தது. பின்னால் போய் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

ஒரு குடும்பம் தன் சமையலறையைப் புதுப்பிப்பதைப் பற்றிய சாதாரணப் பத்தி. சுவருக்கு மஞ்சள் அடிக்கிறார்கள். ஜன்னலோரம் பழைய நாற்காலியை எடுத்துவிட்டு பெஞ்ச் போடலாம் என்று அளவெடுக்கிறார்கள். அளவு நாடாவின் மறுமுனையை மனைவி பிடித்துக்கொள்கிறாள்.

இந்தச் சுவர் முன்பு வெள்ளை. நான் வந்த பிறகு நானேதான் மஞ்சள் அடித்தேன். போன ஞாயிறு, லினியா தேவாலயப் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தபோது, நானும் வெண்டலும் ஜன்னலை அளந்தோம். ஆஸ்ட்ரிட்டின் நாற்காலி அங்கேதான் கிடக்கிறது. லினியா கல்லூரிக்குப் போனதும் அதைப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். அவளிடம் சொல்லவில்லை. தேர்வுத்தாளோ நான் வெண்டலைச் சந்திப்பதற்கு முன்பே அச்சானது.

அதற்கடுத்த வரி இப்படி இருந்தது: நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்க்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே கேள்வி. எழுதியவர் இந்த வாக்கியத்தை நீக்கலாமா என்று யோசிக்கிறார். நீக்கலாமா, வேண்டாமா?

“மஞ்சள் சுவர் எல்லா வீட்லயும்தான் இருக்கு” என்றேன்.

“நிஜப் பரீட்சையிலயும் வந்துச்சு. ரெண்டு தடவையும். முதல் தடவை அந்தப் பத்தியில நீங்க பெட்டியோட வாசல்ல வந்து நின்னீங்க. அடுத்த தடவை பாத்திரம் கழுவிட்டு இருந்தீங்க. அவங்க அதே நாற்காலியில. கடைசியில இதே கேள்வி.”

“உனக்கு விடை தெரியுமா?”

“தெரியாம என்ன? நீக்கணும். அந்தப் பொம்பளைக்கும் பத்திக்கும் சம்பந்தமே இல்ல. யாரைக் கேட்டாலும் அதான் சொல்லுவாங்க.” பென்சிலைக் கீழே வைத்தாள். “அந்த இடத்துல என் கை நின்னுடுது, மார்லிஸ். எழுதவும் முடியல, தாண்டவும் முடியல. அப்புறம் மணி அடிச்சுடும்.”

ஜன்னல் பக்கம் போனேன். நாற்காலி மெத்தையின் நடுவில் லேசான குழிவு. அதில் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அன்று வெயிலே இல்லை. சூடான காற்று வரும் துளை எதிர்ச்சுவரில் இருக்கிறது. யாரோ ஒருவருடைய மடியிலிருந்து எடுப்பதுபோல, மெதுவாகக் கையை எடுத்தேன்.

எங்கள் பக்கத்து ஆட்கள் முதல் தடவையில் எதற்கும் ஆமாம் சொல்ல மாட்டார்கள். காபி வேண்டுமா என்றால் இருமுறை மறுப்பார்கள். மூன்றாவது தடவை கேட்டால்தான் கோப்பை நீளும். இது தெரிந்துதான் நான் லினியாவிடம் இரண்டு தடவை கேட்பதோடு நிறுத்தி வந்தேன். மூன்றாவதற்கு நிஜமான பதில் வந்துவிடும். “எங்க வீட்ட விட்டுப் போயிடுங்க” என்பதுதான் அந்தப் பதிலாக இருந்தால்?

சனிக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

“என்கிட்ட என்னமோ கேக்கணும்னு ரொம்ப நாளா வச்சிருக்க. என்ன கண்ணு?”

“ஒண்ணுமில்ல.”

“சும்மா சொல்லு.”

“பரவாயில்ல மார்லிஸ். நிஜமாவே.”

வெளியே இயந்திரத்தின் உறுமல் சட்டென்று நின்றது. அந்த அமைதியில் நாற்காலி முனகியது, உட்கார்ந்திருப்பவர் காது கொடுக்கச் சற்று முன்னால் நகர்ந்தால் முனகுமே, அப்படி. இருவருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை. லினியாவின் விரல்கள் மேசை மேல் குளிர்ந்து கிடந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டேன்.

“எதுவா இருந்தாலும் சரி. என்னைப் போகச் சொல்றதா இருந்தாலும் சரி. உனக்கு என்ன வேணும், லினியா?”

அவள் நிமிர்ந்தாள்.

“நான் காலேஜுக்குப் போனப்புறம் அந்த நாற்காலிய எடுத்துடாதீங்க. எடுத்துட்டா அம்மாவுக்கு வேற எங்க போறதுன்னு தெரியாது. நீங்க அவங்ககூடப் பேச வேண்டாம், ஒண்ணும் செய்ய வேண்டாம். நீங்க சமைக்கும்போது அவங்க பாட்டுக்கு அங்க உக்காந்திருக்கட்டும். அவங்கள உங்ககூடவே வச்சுக்குங்க, மார்லிஸ்.”