விசில் கைப்பிடியின் திருகு

நீராவி எஞ்சினுக்குப் பழைய கொதிகலனைத் திரும்பப் பொருத்திய வாரத்தில், ரயில் அருங்காட்சியகத்தின் ஃபிட்டருக்கு விழுந்துபோன கடைவாய்ப்பல் இரண்டும் மறுபடி முளைத்தன. அதே அருங்காட்சியகத்தின் வாசலில் டிக்கெட் கொடுக்கும் அவர் மனைவி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் சக்கரங்கள் ஏறின, அவருடைய முழங்கால் வலி போயிற்று. தைலப் பாட்டிலை அவளே சந்தோஷமாகத் தூக்கிப் பரணில் வைத்தாள். எஞ்சின் கொட்டகையில் கூட வேலை செய்த பெயிண்டரின் வழுக்கையில் முடி அடர்ந்தது. அவர் ஒரு சீப்பு வாங்கி, வெளியே தெரியும்படி சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய எஞ்சினை மீட்பதென்றால், எந்த வருடத்து நிலைக்கு மீட்பது என்று முதலில் முடிவு செய்யவேண்டும். அதற்கென்று போட்ட குழு இரண்டு வருடம் பேசியது. செய்த வருடம்தான் சரி என்றார் ஒருவர். கடைசியாக ஓடிய வருடம் என்றார் இன்னொருவர். தலைவர் தூக்கம் கலைந்து, முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய வருடமொன்றைச் சொன்னார், அந்த வருடத்துப் புகைப்படம்தான் அவர் கையில் இருந்தது. தீர்மானம் நிறைவேறியது. அந்த வருடத்துப் பாகங்கள் ஒவ்வொன்றாக ஏற ஏற, கொட்டகையில் வேலை செய்தவர்களும் எஞ்சினோடு சேர்ந்து அந்த வருடத்தை நோக்கிப் போனார்கள். குழுவினர் யாரும் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை என்பதால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பேரன் பெயரை ஃபிட்டர் மறந்த அன்றுதான் மனைவி கணக்குப் போட உட்கார்ந்தாள். அவர்களுக்குக் கல்யாணமாகி முப்பத்துமூன்று வருடம். டிக்கெட் கட்டின் பின்னட்டையில் அதை முப்பத்தைந்திலிருந்து கழித்துப் பார்த்தாள், இன்னொருமுறையும் கழித்துப் பார்த்தாள், விடை மாறவில்லை. எஞ்சின் முடியும்போது அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. புகைபோக்கி ஏறியபோது போனில் வந்த மகளிடம் அவர், "யாருங்க பேசுறது?" என்று மரியாதையாகக் கேட்டார். பிரேக் ஏறியபின் வீட்டுக்கே வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் போலக் கொட்டகை பெஞ்சிலேயே படுத்துக்கொண்டார். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, விசில் கைப்பிடியின் திருகு. பழைய இரும்புக் கடைகளில் மூன்று வருடம் அலைந்து அவரே கண்டுபிடித்தது. கடைசி நாள் மதியத்துக்கு மேல் அவர் அதைப் பொருத்தினால் மறுநாள் குழு முத்திரை வைத்துவிடும், அதற்கப்புறம் எதையும் கழற்றக்கூடாது என்பது விதி.

அன்று மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு போனவளை, கல்யாணப் போட்டோவில் இருக்கும் அதே முகத்தோடு ஒல்லியான ஒரு பையன் கொட்டகைக் கதவில் மறித்தான்.

"உள்ள வராதீங்கக்கா. வெளியாளுங்களுக்கு அனுமதி இல்ல."

அக்கா என்றது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "உங்களுக்குத்தான் சாப்பாடு. வீட்டிலேர்ந்து" என்றாள்.

"எனக்கு ஏதுக்கா வீடு?" என்று சிரித்தான். ஆனாலும் கேரியரை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனான், பசிக்கு எந்த வருடமாக இருந்தால் என்ன.

ஒரு திருகு மாறினாலும் அது அந்த வருடத்து எஞ்சின் இல்லை என்று முப்பத்துமூன்று வருடமாகச் சாப்பிடும்போதெல்லாம் அவர் சொல்லிச் சொல்லி, அவளுக்குக் காது புளித்திருந்தது. வீட்டுக் குக்கரின் கைப்பிடிக்குப் போன வருடம் அவரே ஒரு திருகு கடைந்து போட்டிருந்தார். அவருக்குக் கைவந்த அளவு எஞ்சின் அளவுதான் என்பதால் அதையே வெட்டியிருந்தார். காலையில் கழற்றி முந்தானையில் முடிந்துவந்த அதை, எஞ்சின்மேல் ஏறி விசில் கைப்பிடியில் வைத்து, கரண்டிக் காம்பால் முறுக்கினாள். பொருத்துவதற்காகப் பக்கத்தில் அவர் எடுத்துவைத்திருந்த பழைய திருகை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மரத்தடியில் முழங்கால் சொடுக்கும் சத்தம் கேட்டது. "உப்பே இல்ல. ஞாபகத்தை எங்க வெச்சுட்டு சமைச்ச?" என்று அவள் புருஷன் கத்தினார். எஞ்சின்மேல் நின்றபடியே அவள் அழுதாள்.

பெயிண்டரின் முடி அன்றே கொட்டிவிட்டது. அதைத் திரும்பக் கேட்டு அவர் குழுவிடம் கொடுத்த மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் சமையலறையில் ஃபிட்டரின் கண் குக்கர் கைப்பிடியில் விழுந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். மூன்று வருடம் தேடிய திருகு அவருக்குத் தெரியாமல் போகுமா? திருகைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே துடைத்தாள். அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்து அரைச் சுற்று முறுக்கினார்.

"நல்லா இறுக்கி வெக்கணும். கழண்டு வந்துடப் போகுது" என்றார்.

எல்லாப் பாகமும் அந்த வருடத்தையதே என்று மறுநாள் அவர் கையெழுத்துப் போட்டார், குழு முத்திரை வைத்தது. திறப்பு விழாவில் எஞ்சின் மூன்று விசில் கொடுத்து நின்றது. தலைவர் எவ்வளவு இழுத்தும் நான்காவது வரவில்லை. இன்றும் மூன்றுதான். வீட்டிலோ குக்கர், ரயில்வே கேட் மூடியதும் எஞ்சின் கூவுவதுபோல் நீளமாகக் கூவுகிறது. முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைத் தெருவிலிருந்து உள்ளே இழுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. ஞாயிறுதோறும் ஃபிட்டர் திருகை ஒருமுறை இறுக்கிவைக்கிறார்.