அறுபது வரிப் படகு

பரணிலிருந்து இறக்கிய அந்தப் பெட்டியைக் கம்ப்யூட்டர் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்! திரை கிடையாது, மவுஸ் கிடையாது. நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு பெட்டி, மேலே ரப்பர் பொத்தான்கள், பின்னால் ஒரு வயர். அந்த வயரை டிவியில் சொருகினால் கறுப்புத் திரையின் மூலையில் ஒரு வெள்ளைக் கட்டம் விட்டுவிட்டு மின்னும். அவ்வளவுதான். அதைப் பார்க்கவே அன்றைக்குத் தெருவே வாசலில் வந்து நின்றது.

கண்ணாடிக்கடைக்காரர் அதை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைக்கு விடுமுறை. லென்ஸ் துடைக்கிற மெல்லிய துணியால் ஒவ்வொரு பொத்தானாகத் துடைத்தார்.

"எவ்வளவு நேரம்தான் அதைக் கொஞ்சிக்கிட்டு இருப்பீங்க?" என்றாள் மனைவி. "ஓடுதான்னு பாருங்க. ஓடலேன்னா குப்பையில போட்டுடலாம்."

பழைய டிவியில் சொருகினார். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அந்த வெள்ளைக் கட்டம் வந்தது. மின்னியது.

அந்தப் பெட்டி முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது அவருக்குப் பத்து வயது. அக்காவுக்குப் பதினான்கு. அதற்கு முந்தின வருடம் கையடக்க விளையாட்டு ஒன்று வீட்டுக்கு வந்திருந்தது. எரிகிற கட்டடத்திலிருந்து குதிக்கும் ஆட்களை விரிப்பில் பிடிக்க வேண்டும். அக்கா அதைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து ஆடுவாள். 'பீப்' சத்தம் வெளியே கேட்காமலிருக்க விடாமல் இருமுவாள். அம்மா பாவம், நிஜமென்று நம்பி மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டாள். அந்தக் கசப்பை மூன்று நாள் குடித்தாளே தவிர, விளையாட்டை அக்கா விடவில்லை.

கம்ப்யூட்டர் வந்த பிறகு இருவருக்கும் வேறு உலகமே இல்லை. ஒரு பத்திரிகையில் படகு புரோகிராம் வெளியாகியிருந்தது. அறுபது வரி, வரிக்கு எட்டு எண். தப்பில்லாமல் அடித்தால் திரையில் படகு வரும். அக்கா வாசிப்பாள், தம்பி அடிப்பான். அவன் "ம்" சொல்லாமல் அடுத்த எண்ணுக்குப் போக மாட்டாள், அதுதான் அவர்கள் வைத்திருந்த சட்டம். அடித்ததைச் சேமிக்க டேப் ரெக்கார்டர் வேண்டும், அது வீட்டில் இல்லை. அதனால் மிஷினை அணைக்கவே கூடாது. முதல் முறை ஐம்பத்திரண்டு வரி முடிந்திருந்தபோது மாமா வந்தார், சட்டையை இஸ்திரி போடுவதற்காகப் பிளக்கைப் பிடுங்கினார். அக்கா போட்ட கூச்சலில் மனிதர் இஸ்திரி போடாமலே கல்யாணத்துக்குப் போனார்.

இரண்டாம் முறை படகு வந்தது. கட்டம் கட்டமான ஒரு வெள்ளைப் படகு, இடமிருந்து வலமாக. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இருவரும் மூச்சுக்கூட விடவில்லை.

இப்போது அந்தப் பத்திரிகை அக்காவிடம் இருந்தது. கல்யாணமாகிப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் இருப்பது வேறு ஊர், ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற வேலை. ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. தப்பு அவருடையதுதான். அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டரிடம் அக்கா ஏதோ கேட்கப்போக, இவர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "விருந்தாளி மாதிரி எட்டிப் பாத்துட்டுப் போறவளுக்கு இங்க என்ன பேச்சு?" அக்கா பதில் பேசவில்லை. அம்மா போன பிறகும் பேசவில்லை. இவர் இத்தனை வருடமும் மன்னிப்பு என்ற வார்த்தையை வாய்வரை கொண்டுவந்து விழுங்கிக்கொண்டிருந்தார்.

"நீயே போன் பண்ணிக் கேளேன்" என்றார் மனைவியிடம்.

"உங்க அக்கா, உங்க படகு. எனக்கென்ன வந்தது?" எண்ணை அழுத்திப் போனை அவர் கையில் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

"என்ன?" என்றது அக்காவின் குரல்.

"அந்தப் படகு புரோகிராம்... புத்தகம் இருக்கா?"

போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தார். பிறகு பீரோ திறக்கிற ஓசை, காகிதம் புரள்கிற ஓசை.

"முதல் வரி" என்றாள் அக்கா. "இருபத்தி நாலு."

"ம்."

"நூத்தி இருபத்தாறு."

"ம்."

நலம் விசாரிக்கவில்லை, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார். திரைச்சீலை வழியாக வந்த வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது. எண்கள் ஒவ்வொன்றாக வந்து அறையை நிறைத்தன. பத்தாவது வரியில் அவள் குரலிலிருந்த விறைப்பு போயிருந்தது. இருபதாவது வரியில் அவருக்குப் பத்து வயது. கதவைத் திறந்தால் அம்மா அடுக்களையில் இருப்பாள் என்று தோன்றியது.

முப்பத்தெட்டாவது வரியில் மிஷினுக்குள்ளே 'டப்' என்று மெதுவாக ஒரு சத்தம். கருகல் வாடை வந்தது. திரையில் எண்களும் இல்லை, கட்டமும் இல்லை.

"இருநூத்தி நாப்பது" என்றாள் அக்கா.

சொல்லிவிடலாம். சொன்னால் அவள் "சரி" என்பாள், போனை வைத்துவிடுவாள். அப்புறம் இன்னொரு ஆறு வருடம்.

"ம்" என்றார்.

இரைச்சல் அக்காவுக்குக் கேட்டுவிடாமல் டிவியை அணைத்துவிட்டு, செத்துப்போன பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருந்தார். நாற்பதாவது வரி முடிந்ததும் அக்கா கொஞ்சம் நிறுத்தினாள். தண்ணீர் குடிக்கிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டார். மறுபடி ஆரம்பித்தாள், முன்னைவிட நிதானமாக. இவரும் நிதானமாக "ம்" போட்டார். ஐம்பது, ஐம்பத்தைந்து என்று வரிகள் கரைந்துகொண்டே போயின. அறுபதாவது வரியின் எட்டாவது எண்ணும் வந்தேவிட்டது.

"முடிஞ்சுது. ஓட்டிப் பாரு" என்றாள் அக்கா.

இருண்ட திரையில் அவருடைய முகம்தான் தெரிந்தது, காதோரம் நரைத்த முகம்.

"ஓட்டிட்டேன்."

"வருதா?"

"வருதுக்கா. வெள்ளைப் படகு. இடது பக்கத்துலேருந்து... அப்படியே மெதுவா. அன்னைக்குப் பாத்தோமே, அதேதான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறாளோ என்று பதறினார். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவி! எப்படிடா வரும்? ரெண்டாம் பக்கமே இங்க இல்ல. என் பையன் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே கிழிச்சுப் போட்டுட்டான். நாப்பது வரிக்கு மேல எல்லாம் நானா வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

கண்ணாடிக்கடைக்காரருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"ஏன்க்கா?"

"நாப்பதுல நிறுத்தினா நீ போனை வச்சிடுவியே."

அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "இங்க முப்பத்தெட்டாவது வரியிலயே மிஷின் போயிடுச்சுக்கா. புகை வந்துடுச்சு. நான் சும்மாதான் 'ம்' போட்டுக்கிட்டு இருந்தேன்." ஆறு வருடமாக விழுங்கியதும் கூடவே வெளியே வந்தது. "ஆஸ்பத்திரியில நான் சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு. மன்னிச்சிடுக்கா."

"மகா தப்பு" என்றாள் அக்கா. குரல் உடைந்தது. "எத்தனை நாள் அழுதேன் தெரியுமா?" பீரோவைச் சாத்துகிற ஓசை கேட்டது. "சரி, வர்ற சனிக்கிழமை கிளம்பி வரேன்."

"மிஷின்தான் செத்துப்போச்சேக்கா. வந்து எதைப் பாக்கப்போறே?"

"உன்னைத்தான்டா" என்றாள் அக்கா.