முஸே கலெம்பா நடக்கிறார்

பதினாறு வருஷமாக அந்த மிஷன் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டைக் கட்டி மேய்த்தவள் நர்ஸ் நமுதேபி. அவளை ஒருநாளும் பாராட்டாத டாக்டர் ஒகுருட், கம்பாலாவில் மூன்று வாரப் பயிற்சி முடித்துவிட்டு வந்த சின்ன நர்ஸ் பிராப்வாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான். நமுதேபிக்கு வயிறு எரிந்தது. அது பொறாமைதான் என்று அவளுக்கே தெரியும்.

பிராப்வா கொண்டு வந்தது ஒரு தாள். படுத்தே கிடப்பவருக்குக் காலில் ரத்தம் உறையும். உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஏறினால் ஆள் போய்விடுவார். யாருக்கு அந்த ஆபத்து என்று மதிப்பெண் போடும் தாள் அது. எழுபதைத் தாண்டியவர் என்றால் ஒன்று, இதயம் பலவீனம் என்றால் ஒன்று, நடமாட்டம் இல்லையென்றால் மூன்று. நான்கைத் தொட்டால் ரத்தம் உறையாமல் தடுக்க ஊசி. தொடாவிட்டால் இல்லை; சும்மா போட்டு ரத்தக்கசிவை வேறு யார் இழுத்துக்கொள்வது?

திங்கட்கிழமை முஸே கலெம்பா வந்து சேர்ந்தார்; முஸே என்றால் அங்கே பெரியவர். எழுபத்து மூன்று வயது, இதயம் தளர்ந்து கால் வீங்கியிருந்தது. பிராப்வா கட்டிலருகே பேனாவோடு நின்று, அப்பா நடக்கிறாரா என்று மகன் செமண்டாவைக் கேட்டாள். கிழவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பன் காதில் விழ, அவரால் முடியாது என்று சொல்கிற மகன் புகாண்டாச் சீமையில் இன்னும் பிறக்கவில்லை.

"நடக்கிறாரு சிஸ்டர். நல்லாவே நடக்கிறாரு" என்றான் செமண்டா.

மொத்தம் இரண்டு. ஊசி இல்லை. பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த நமுதேபிக்குச் சிரிப்பு வந்தது. அவளாக இருந்தால் அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டல்லவா கேட்டிருப்பாள்.

அன்று சாயங்காலம் கக்கூஸ் போகும் வழியில் அவள் கண்ணாலேயே பார்த்தாள். செமண்டாவும் அவன் தம்பியும் கிழவருக்கு ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் போனார்கள். அவர் பாதம் செம்மண்ணில் கோடு போட்டுக்கொண்டே போனது. இதற்குப் பெயர்தான் நடப்பது. படி இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று சொல்லிவிட்டு அவள் வார்டுக்குள் வந்தாள்.

அப்போதுதான் டவுன் லேபிலிருந்து டி-டைமர் ரிப்போர்ட் வந்தது. உறைந்த ரத்தம் கரையும்போது மிஞ்சும் துணுக்கின் அளவு அது. இருக்கவேண்டியதைப்போல் நாலு மடங்கு இருந்தது. சாதாரணக் காய்ச்சலுக்கும் அது ஏறும், எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பார் டாக்டர். ஆனால் கிழவர் நடக்கவில்லை என்று தெரிந்தவளுக்கு அந்த எண் போதும். நமுதேபி வாங்கிய நேரத்தைக் குறித்து, கையெழுத்துப் போட்டு, ஃபைலில் சொருகினாள். ஒளிக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாளைக் காலை எட்டு மணிக்கு டாக்டர் வரும்போது, எல்லார் முன்னாலும், இந்த முஸே நடந்து யாராவது பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். வீட்டில் மத்தோக்கே வாழைக்காய் உரிக்கும்போது அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் அவசரக் கேஸ் ஒன்றில் டாக்டர் மாட்டிக்கொண்டார். எட்டு, ஒன்பதாகி, பத்தானது. பிராப்வா கைக்கெட்டும் தூரத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். நமுதேபிக்கு விஷயம் வாய் வரை வந்தது. ஆனால் இவளிடம் சொன்னால் சத்தமில்லாமல் தாளைத் திருத்திவிடுவாள், பாராட்டும் இவளுக்கே போய்விடும். இன்னும் கொஞ்ச நேரம்தானே.

பத்தரைக்குக் கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். உதடு சாம்பல் பூத்திருந்தது. ஆக்ஸிஜன், ஊசி என்று எல்லாரும் ஓடினார்கள். டாக்டரும் ஓடி வந்தார். மதியத்துக்குள் மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டது. நாளைக்கு இருப்பாரா என்பது நாளைக்குத்தான் தெரியும் என்றார் டாக்டர்.

பிராப்வா தாளோடு மகன்கள் முன்னால் போய் நின்றாள்.

"தப்பு என்னோடதுதான். அவரை வச்சுக்கிட்டே கேட்டேன். எழுப்பி நிக்க வச்சுப் பாக்கல."

பழியை மகன்கள் தலையில் போடுவாள் என்று காத்திருந்த நமுதேபிக்கு அந்த நேர்மையும் பொறுக்கவில்லை.

"நீங்க என்ன செய்வீங்க சிஸ்டர், பொய் சொன்னது நான்" என்று அழுதான் செமண்டா. பிறகு டாக்டரைப் பார்த்து நமுதேபியைக் காட்டினான். "இந்த வார்டுல எங்களைக் கவனிச்சது இவங்க ஒருத்தங்கதான் டாக்டர். அப்பாவ இழுத்துக்கிட்டுப் போறோம், கால் தரையில தேயுது. பாத்துட்டு, படியில இடிச்சுக்கப் போறீங்கன்னு இவங்கதான் சொன்னாங்க. நல்ல மனசு."

பதினாறு வருஷத்தில் டாக்டர் காதுபட அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. பிராப்வா மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். டாக்டர் ஃபைலிலிருந்து ரிப்போர்ட்டை உருவினார். அதிலிருந்த கையெழுத்தையும் நேரத்தையும் படித்தார்.

"நேத்து சாயங்காலமேவா சிஸ்டர்?" என்றார்.